இரண்டு கையிலும் பைப் இருக்கும்போது உலைக்கதவை யார் திறப்பது?

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் கண்ணாடி ஊதும் கூடம் நடத்துகிறேன். ஆய்வகங்களுக்காக டார்ச்சில் குழாய் வளைக்கும் வேலை இல்லை இது. உலையில் கண்ணாடியைக் கூழாக உருக்கி, இரும்புப் பைப்பின் முனையில் சுற்றி எடுத்து, ஊதிக் கிண்ணமும் குடுவையும் செய்கிற வேலை.

கூடத்தில் இரண்டு உலைகள். ஒன்று உருக்கும் உலை. இரவும் பகலும் 1120 டிகிரியில் நிற்கும். வாய் 25 செ.மீ. சதுரம், மேலே தூக்கித் திறக்கும் கதவு. இன்னொன்று, செய்துகொண்டிருக்கும் பொருள் ஆற ஆற உள்ளே விட்டுச் சூடேற்றும் உலை. க்ளோரி ஹோல் என்பார்கள், நாங்கள் க்ளோரி என்று சுருக்கிவிட்டோம். அது 1200 டிகிரி. வாய் 30 செ.மீ. வட்டம், இரு பக்கமும் தள்ளும் கதவுகள். இரண்டுமே கேஸில் ஓடுகின்றன, 19 கிலோ சிலிண்டர்.

உதவிக்கு இருந்த தம்பி இப்போது மதியம் வரைதான் வருகிறான். அதற்கப்புறம் நான் தனி. பைப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நின்றால் கண்ணாடி தேன் மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். அந்த நிலையில் கதவை எதால் திறப்பது? நேற்று முழங்கையால் தள்ளினேன். சட்டைக்கை பொசுங்கி, கையைப் பட்டென்று இழுத்ததில் மூன்றாவது சுற்று எடுத்திருந்த கண்ணாடி அப்படியே தரையில் விழுந்தது. இரண்டு மணி நேர வேலை. தரையில் விழுந்தது போகட்டும், காலில் விழுந்திருந்தால்?

இரண்டு கதவுக்கும் காலால் மிதித்தால் திறக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். மோட்டாரா, அழுத்தக் காற்றால் தண்டைத் தள்ளும் காற்று சிலிண்டரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடல் பக்கம், எல்லாமே துருப்பிடிக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங் (ரிச்சி தெரு)

அக்கா, இது நல்ல புராஜெக்ட். புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் கிடைக்கும். 12 வோல்ட், நல்ல முறுக்கு விசை. ஒரு கன்ட்ரோலர் போர்டு, இரண்டு லிமிட் சுவிட்ச், ஒரு ரிலே. இன்னும் வேண்டுமானால் முன்னால் ஒரு சென்சார் வைத்துவிடலாம், நீங்கள் பைப்போடு அருகில் வந்தாலே கதவு திறந்துவிடும். மிதிக்கக்கூட வேண்டாம்.

காற்றுவால்வு (பாடி)

சென்சார் வேண்டாம் தம்பி. 1200 டிகிரிக் கதவு யார் சொல்லாமலும் தானாகத் திறக்கக் கூடாது. அவர் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் நடந்து போனாலும் திறக்கும், ஒரு பூனை போனாலும் திறக்கும். திறப்பது என்பது ஒருவர் முடிவு செய்து காலை அழுத்துவதாக இருக்க வேண்டும்.

வைப்பர் மோட்டாருக்கும் வருகிறேன். அதற்குள் இருப்பது வார்ம் கியர். மோட்டார் சுற்றினால் கதவு நகரும், ஆனால் கதவைத் தள்ளி மோட்டாரைச் சுற்ற முடியாது. கரண்ட் போன நொடியில் கதவு எங்கே இருக்கிறதோ அங்கேயே பூட்டிக்கொள்ளும். உள்ளே பொருளை விட்டுப் பாதி மூடியிருக்கும்போது அப்படி ஆனால் பைப்பை வெளியே எடுக்கவும் முடியாது, கதவை முழங்காலால் தள்ளவும் முடியாது. லீனியர் ஆக்சுவேட்டர் என்று கடையில் தருவதும் திருகுதான், அதே பூட்டு. பெரும்பாலானவை மெதுவாகவும் போகும். 30 செ.மீ. நகரப் பத்துப் பதினைந்து நொடி எடுத்தால் அதற்குள் கண்ணாடி தொங்கிவிடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் மெஷின் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். காற்றுதான் சரி என்பேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி அம்மா. கதவு எவ்வளவு எடை?

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

ஐயா, உருக்கும் உலைக்கதவு 35 செ.மீ. சதுரம், 10 செ.மீ. கனம், முழுக்கக் காஸ்டபிள் (சூடு தாங்கும் கான்கிரீட்). நான் தனியாகத் தூக்கி மாட்ட முடியாது. தம்பியும் நானும் சேர்ந்துதான் மாட்டினோம். க்ளோரி கதவுகள் ஒவ்வொன்றும் அதில் பாதி இருக்கும்.

சூளைக்கல் (மணலி)

கணக்குப் போட்டுப் பாருங்கள் தங்கச்சி. 35 பெருக்கல் 35 பெருக்கல் 10 என்றால் 12,250 கன செ.மீ. அடர்த்தியான காஸ்டபிள் ஒரு கன செ.மீ.க்கு 2.2 கிராம் என்று வைத்தாலே 27 கிலோ. இரும்புச் சட்டத்தோடு 30 கிலோ. இதைக் காற்றில் தூக்கலாம்தான். ஆனால் 30 கிலோவைத் தூக்குகிற சிலிண்டர் கையை நசுக்கவும் செய்யும்.

பாய்லர், ஃபர்னஸ் உள்பூச்சு வேலையில் பல வருஷம் இருந்ததால் சொல்கிறேன், கதவு முழுக்கக் காஸ்டபிள் தேவையே இல்லை. நெருப்பைப் பார்க்கும் பக்கம் 2.5 செ.மீ. காஸ்டபிள் போதும், அதற்குப் பின்னால் 5 செ.மீ. செராமிக் பிளாங்கெட் (செராமிக் பைபரால் ஆன போர்வை), அதற்குப் பின்னால் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) சட்டம். காஸ்டபிள் 6.7 கிலோ. பிளாங்கெட் கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி என்றால் ஒரு கிலோகூட வராது. சட்டம் ஒன்றரை. மொத்தம் 9 கிலோ.

முழுக்கச் செராமிக் பிளாங்கெட்டிலேயே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். க்ளோரிக்குச் செய்யலாம். உருக்கும் உலைக்கு வேண்டாம். உருகும் கண்ணாடியிலிருந்து சோடா ஆவி வந்துகொண்டே இருக்கும். அது பைபரைத் தின்றுவிடும், பிறகு அது உருகி, கண்ணாடி உருகும் உங்கள் பானைக்குள்ளேயே சொட்டும்.

இரண்டு விஷயம் கவனம். 2.5 செ.மீ. பலகையை ஒரே துண்டாக வார்த்தால் சூட்டில் விரிந்து அதுவே ஒரு வழி பார்த்து வெடித்துக்கொள்ளும். நான்கு துண்டாக, நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டு வார்த்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.எஸ். 310 கம்பியில் ஒய் வடிவ ஆங்கர். கம்பி முனையில் கொஞ்சம் மெழுகு தடவிவிட்டு வார்த்தால் அது எரிந்து, கம்பி விரிய இடம் கிடைக்கும்.

அப்புறம் பைபர் தூசி. வெட்டும்போது நல்ல மாஸ்க், முழுக்கை. பல மாதம் 1000 டிகிரிக்கு மேல் வெந்த பிளாங்கெட்டைப் பிரிக்கும்போது இன்னும் அதிகக் கவனம் வேண்டும். அந்தச் சூட்டில் அதற்குள் படிக சிலிக்கா உண்டாகிறது, நுரையீரலுக்கு மிகக் கெடுதல். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. எங்களோடு வேலை பார்த்தவர்கள் பலர் இதையெல்லாம் தெரியாமல் வெறும் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு செய்தார்கள். அதனால்தான் எங்கே இந்தப் பேச்சு வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

மயிலை ஊதுகுழல்

அமெரிக்காவில் கண்ணாடிக்கூடங்களில் ஆறு வருஷம் உதவியாளனாக இருந்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். இந்தக் கதவுப் பிரச்சினை தனியாக வேலை செய்பவருக்கே உரியது. தொழிற்சாலையில் உலை பெரிது, குழு பெரிது, கதவுக்கென்று ஒரு ஆள் நிற்பார். 1962இல் ஹார்வி லிட்டில்டன் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் சின்ன உலை வைத்து நடத்திய பட்டறைகளுக்குப் பிறகுதான், ஒருவரே தன் கூடத்தில் உருக்கி ஊதலாம் என்ற எண்ணம் அங்கே பரவியது. உலை சின்னதானது, ஆளும் ஒருவரானார், கதவுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் அங்கே க்ளோரி கதவுக்குக் கால் பெடல் பழகிப்போன விஷயம். பெரும்பாலும் காற்று சிலிண்டர்.

கதவின் திசை முக்கியம். வெளிப்பக்கம் திறக்கும் அலமாரிக் கதவு மாதிரி ஒருபோதும் வைக்காதீர்கள். அப்படித் திறந்தால் கதவின் செக்கச்சிவந்த உள்பக்கம் உங்களைப் பார்த்து நிற்கும். பக்கவாட்டில் தள்ளினாலும் மேலே தூக்கினாலும் அந்த முகம் எப்போதும் உலையின் சுவரையே பார்க்கும்.

இன்னொன்று, க்ளோரி கதவுகளை முழுக்க அடைத்துவிடாதீர்கள். இரண்டு கதவும் சேரும் இடத்தில் அரைவட்டமாக வெட்டி, மூடியபின் நடுவில் 12 செ.மீ. ஓட்டை இருக்கும்படி விடுங்கள். பைப் அதன் வழியாகப் போகும், சின்னப் பொருளுக்குக் கதவைத் திறக்கவே வேண்டாம். பர்னரின் புகை வெளியேறவும் அந்த வழி வேண்டும். இறுக்கி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி இடுக்குகளிலிருந்தெல்லாம் நெருப்பு நாக்கு நீட்டும், பர்னரும் தடுமாறும்.

சூளைக்கல் (மணலி)

மயிலைத் தம்பி சொன்ன 12 செ.மீ.க்கு ஒரு கணக்குத் தருகிறேன். 1200 டிகிரியில் இருக்கும் ஓட்டை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 267 கிலோவாட் வெப்பத்தைக் கதிராக வெளியே வீசும். 30 செ.மீ. வட்டம் திறந்து கிடந்தால் கிட்டத்தட்ட 19 கிலோவாட். வீட்டுக் கீசர் ஒன்று 2 கிலோவாட் என்றால், ஒன்பது கீசருக்கு மேல் உங்கள் முகத்துக்கு நேராக ஓடுகிறது. 12 செ.மீ. ஓட்டையில் அதே கணக்கு 3 கிலோவாட்தான்.

கேஸில் பார்த்தால், ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 12.8 யூனிட். 19 கிலோவாட்டுக்கு மணிக்கு ஒன்றரைக் கிலோ. ஆனால் 1200 டிகிரியில் வெளியேறும் புகையே பாதிக்கு மேல் சூட்டைக் கொண்டுபோய்விடும். ஆகவே வாயைத் திறந்துவைத்துச் சூட்டை நிறுத்த மட்டும் மணிக்கு மூன்று கிலோவுக்கு மேல். ஒரு சிலிண்டர் ஆறு மணி நேரம். ஏட்டுக்கணக்குதான், இருந்தாலும் கதவு எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதில்தான் காசு இருக்கிறது.

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

அண்ணா, கத்திரி வெயிலில் பெஞ்சில் உட்கார முடியாமல் போனதற்குக் காரணம் இப்போதுதான் எனக்கு எண்ணாகத் தெரிகிறது. கதவைத் திறந்து மூட ஆள் இல்லாததால் பாதி நேரம் திறந்தே வைத்துவிட்டேன்.

காற்றுவால்வு (பாடி)

சரி, காற்றுக்கு வருவோம். எல்லோரும் செய்கிற தவறு, பெரிய சிலிண்டர் வாங்குவது. 32 மி.மீ. சிலிண்டர் 5 பார் அழுத்தக் காற்றில் 40 கிலோ தள்ளும். விரல் மாட்டினால் எலும்பு தாங்காது. 20 மி.மீ. சிலிண்டர் 3 பாரில் 9 கிலோ சொச்சம். எடை குறைந்த கதவுக்கு அது தாராளம்.

சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் சாதாரணமாக 80 டிகிரி வரைதான் தாங்கும். வைட்டான் சீல் கேட்டு வாங்கினால் இன்னும் தாங்கும், ஆனால் உலை முகத்தில் ஒட்டி வைக்க அதுவும் போதாது. சிலிண்டரை ஒரு மீட்டர் தள்ளிப் பக்கச் சுவரில் வையுங்கள், கதவோடு ஸ்டீல் ரோப்பால் இணையுங்கள். நடுவில் மெல்லிய எஸ்.எஸ். தகடு ஒன்றை இடைவெளி விட்டு நிறுத்தினால் கதிர் நேராகப் படாது. கப்பியில் கிரீஸ் போடாதீர்கள், உருகி வடிந்துவிடும். கிராஃபைட் தூள்.

சென்னைக் காற்று ஈரம். ஒரு கன மீட்டர் காற்றில் 25 கிராம் தண்ணீர் சாதாரணமாக இருக்கும். அதை 7 பாருக்கு அழுத்தி ஆறவிட்டால் அதில் 20 கிராம் டேங்கின் அடியில் தண்ணீராக இறங்கிவிடும். தினமும் மாலையில் டேங்கின் கீழே இருக்கும் குழாயைத் திறந்து வடிக்க வேண்டும். வால்வுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் ரெகுலேட்டர். இதைச் செய்யாமல் இரண்டே மாதத்தில் வால்வு துருப்பிடித்துவிட்டது என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி முக்கியமானது. கரண்ட் போனால் கதவு திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? திறக்க வேண்டும் என்பேன். பைப் உள்ளே மாட்டக் கூடாது.

சூளைக்கல் (மணலி)

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் அண்ணா. கரண்ட் போனால், பர்னருக்குக் காற்று ஊதும் ப்ளோயர் நிற்கும். ப்ளோயர் நின்றால் கேஸும் நின்றாக வேண்டும், அதற்குத் தானாக மூடும் வால்வு இருக்க வேண்டும், அது தனி விஷயம். உருக்கும் உலைக்கதவும் திறந்துகொண்டால் பானை சட்டென்று ஆறும், விரிசல் விடும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் நினைவிருக்கிறதா? நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் கதவு மூடியிருந்தால்தான் பானை பிழைக்கும்.

காற்றுவால்வு (பாடி)

பானையை மாற்றலாம். கையை மாற்ற முடியாது.

பானைச்சக்கரம் (திருவான்மியூர்)

இரண்டு பேர் சொல்வதும் நடக்கலாமே. நான் மண்பாண்டம் செய்பவள். பொருளைச் சூடாகவே வெளியே எடுக்கும் எங்கள் ராக்கு (raku) சூளையின் மூடி எதிர் எடையில்தான் தொங்குகிறது. ஒரு விரலால் தூக்குவேன்.

எங்கள் தாத்தா ஊரில் கிணற்றில் ஏற்றம் இருந்தது. ஒரு பக்கம் சால், மறுபக்கம் எடை. தண்ணீரோடு வரும் சாலை ஆள் தூக்குவதில்லை, எடைதான் தூக்குகிறது. ஆள் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சொல்கிறார், அவ்வளவுதான். உலைக்கதவை அப்படித் தொங்கவிடுங்கள். உலை முகத்துக்கு இணையாக ஆடும் ஒரு கோல். கதவுப் பக்கம் 60 செ.மீ., எதிர்ப்பக்கம் 40 செ.மீ. கதவு 9 கிலோ என்றால் அந்தப் பக்கம் பதிமூன்றரை வைத்தால் சரிசமம். 12 கிலோ வைத்தால் கதவு ஒரே ஒரு கிலோ கனத்தில் தானாக இறங்கும்.

அப்போது கரண்ட் இருந்தாலும் போனாலும் கதவு மூடும். கை மாட்டினால் ஒரு கிலோதான், வலிக்கக்கூட வலிக்காது. பைப் உள்ளே இருந்தால் பைப்பே கதவைத் தாங்கும். முதலில் கதவை ஒரு விரலுக்கு இணங்க வையுங்கள் கண்ணாடிக்காரி. மோட்டாரா காற்றா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

காற்றுவால்வு (பாடி)

இந்த அம்மா சொல்வது சரி. என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். காற்று திறக்கட்டும், எடை மூடட்டும். மூடுவதற்குக் காற்றே வேண்டாம் என்றால் நசுக்குகிற பயம் போய்விட்டது.

அப்படியானால் மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் வேண்டாம். கால் பெடலிலேயே 3/2 வால்வு கிடைக்கிறது. மிதித்தால் காற்று சிலிண்டருக்குப் போகும், காலை எடுத்தால் வெளியேறும். வெளியேறும் வழியில் காற்றின் வேகத்தைக் குறைக்கும் ஒரு திராட்டில் வைத்தால் கதவு அடித்துக்கொள்ளாமல் நிதானமாக மூடும். மின்சாரமே இல்லை. 15 செ.மீ. ஸ்ட்ரோக் (தண்டு நகரும் தூரம்) உள்ள 20 மி.மீ. சிலிண்டர் ஒரு தடவைக்கு 0.2 லிட்டர் காற்றுகூட எடுக்காது. 50 லிட்டர் டேங்க் 7 பாரில் நிறைந்திருந்தால், லீக் இல்லாதவரை, கரண்ட் போனபின்னும் ஆயிரம் தடவை மிதிக்கலாம்.

உருக்கும் உலைக்கதவுக்கு ஒரு கிலோதான் தூக்க வேண்டும் என்றால் அதற்குச் சிலிண்டரும் தேவையில்லை. ஒரு மிதிப்பலகையும் பைக் கிளட்ச் கேபிளும் போதும்.

சால்டரிங் (ரிச்சி தெரு)

நான் சொன்னது எதுவுமே தேவைப்படவில்லை போலிருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கதவு மூடாமல் பாதியில் மாட்டிக்கொண்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வேலை மும்முரத்தில் கவனிக்கமாட்டீர்கள். கதவு முழுக்க இறங்கியதும் அழுந்துகிற மாதிரி, சூடு படாத கோலின் எதிர் முனையில் ஒரு லிமிட் சுவிட்ச் வையுங்கள். 20 நொடிக்கு மேல் திறந்தே இருந்தால் பஸ்ஸர் அடிக்கட்டும். கதவை நகர்த்துவதில் என் சர்க்யூட் தலையிடாது, பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். நானே செய்து தருகிறேன் அக்கா.

மயிலை ஊதுகுழல்

இது உண்மையிலேயே தேவையான யோசனை. அப்படியே கண்ணுக்குப் போடும் கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. உலையை நேராகப் பார்த்து வேலை செய்பவர்கள் டிடிமியம் கண்ணாடி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது சோடியத்தின் மஞ்சள் ஒளியைத்தான் தடுக்கும், டார்ச் வேலைக்கு உரியது. உலையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்க அதற்கென்று சொல்லி விற்கும் கண்ணாடி வேண்டும். கண்ணாடி ஊதுபவர்களுக்கு வரும் கண்புரைக்குத் தனிப் பெயரே உண்டு.

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

எல்லோருக்கும் நன்றி. வெல்டருக்குப் படம் வரைந்து கொடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

*ஐந்து வாரம் கழித்து*

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

உருக்கும் உலைக்கதவு. மணலி அண்ணா சொன்னபடி நான்கு துண்டாக வார்த்தேன். ஒரு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்தேன். அப்புறம் வெயிலில் காயவைக்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் ஆகியும் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அப்படியே உலையில் மாட்டினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகித் தெறித்துவிடும் என்று பயம். கடைசியில் என் அனீலரில் வைத்தேன். செய்த பொருளை மெதுவாக ஆறவைக்கும் மின்சூளை அது, 500 டிகிரி வரை நினைத்த வேகத்தில் ஏற்றலாம். 110 டிகிரியில் எட்டு மணி நேரம். முதல் மூன்று மணி நேரம் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணாடித் துண்டை அருகில் பிடித்துப் பார்ப்பேன், பனித்தால் இன்னும் ஈரம் என்று அர்த்தம். பனிப்பது நின்றபிறகு 250, அப்புறம் 500. நான்கு துண்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்தன.

கோலை லேத்தில் ஒரு புஷ் போட்டுத் தூணில் மாட்டினோம். எதிர் எடைக்குப் பழைய ஜிம் தட்டுகள், மொத்தம் 12 கிலோ. முதல் முறை கதவைச் சுண்டுவிரலால் தூக்கியபோது தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இத்தனை மாதம் இதோடுதானா மல்லுக்கட்டினோம்! மிதிப்பலகை, கிளட்ச் கேபிள். அவ்வளவுதான். கதவு ஆடாமல் இருக்கக் கீழே ஒரு வழிகாட்டிப் பட்டை வைத்திருக்கிறேன்.

க்ளோரி கதவுகள். இவை முழுக்கப் பிளாங்கெட், முகத்தில் கூழ்ம சிலிக்கா தடவி இறுக வைத்தது. ஒவ்வொன்றும் 3 கிலோ. மேலே தண்டவாளத்தில் உருளையில் தொங்குகின்றன. இரண்டு கப்பிக்கு நடுவே ஸ்டீல் ரோப்பை வளையமாகச் சுற்றி, மேல் ரோப்பில் இடது கதவு, கீழ் ரோப்பில் வலது கதவு. ஒன்றை இழுத்தால் மற்றது எதிர்ப்பக்கம் நகரும். ஆகவே ஒரே சிலிண்டர்.

இதில்தான் தவறு செய்தேன். பழைய குடோன்களின் தீத்தடுப்புக் கதவு மாதிரி தண்டவாளத்தைச் சரிவாக வைத்தால் தானாக மூடும் என்று நினைத்தேன். சிலிண்டரை இணைக்கும்வரை அழகாக மூடியது. இணைத்ததும் பாதியில் நின்றுவிட்டது. காற்றுக்குழாயைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் அப்படியே நின்றது.

காற்றுவால்வு (பாடி)

சீல் இழுவை அம்மா. காற்றே இல்லாவிட்டாலும் உள்ளே ரப்பர் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சின்னச் சிலிண்டரிலும் அதை நகர்த்த ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ கேட்கும். சரிவில் கிடைப்பது சில நூறு கிராம்தான். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

அதேதான் ஐயா. தண்டவாளத்தை மட்டமாக்கிவிட்டு, ரோப்பின் ஒரு பக்கத்தில் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டேன். இப்போது முழுக்க மூடுகிறது. மிதித்துப் பொருளை உள்ளே விட்டுக் காலை எடுத்தால், கதவுகள் பைப்பைச் சுற்றி மெல்லச் சேர்ந்துகொள்கின்றன. திராட்டிலைத் திருகித் திருகி மூடும் நேரத்தை இரண்டு நொடிக்குக் கொண்டுவந்தேன். வேண்டுமென்றே என் கையை நடுவில் வைத்துப் பார்த்தேன், உலை ஆறியிருந்த நாளில்தான். தள்ளினால் நகர்ந்துவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை மாலை உண்மையாகவே கரண்ட் போயிற்று. ஒரு குடுவை உள்ளே இருந்தது. ப்ளோயர் நின்றது, கேஸ் வால்வு டக்கென்று மூடியது. நான் மிதித்தேன், கதவு திறந்தது. குடுவையை அனீலரில் சேர்த்துவிட்டேன். அனீலரும் கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் சூடு இருந்தது. குடுவை பிழைத்துவிட்டது. இந்தப் பதிவை எழுதும் மேஜைமேல்தான் இருக்கிறது.

தம்பியின் பஸ்ஸர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் கால் பெடல் மேலேயே நின்றுகொண்டு யோசனையில் இருந்திருக்கிறேன்.

சால்டரிங் (ரிச்சி தெரு)

அதற்குத்தானே அக்கா வைத்தது! பெடலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அளவு சொல்லுங்கள். பெங்களூரில் என் நண்பர் ஒருவர் இதே மாதிரி செய்யக் கேட்கிறார்.

கண்ணாடிக்காரி (ஈஞ்சம்பாக்கம்)

க்ளோரி வாயிலிருந்து 70 செ.மீ. பின்னால், இடது காலுக்கு. உடம்பின் எடை வலது காலில் நிற்கும், இடது கால் சும்மா இருக்கும். முதலில் வலது காலுக்கு வைத்து ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன். அவருக்கு எந்தக் கால் என்று வெறும் பைப்பைப் பிடித்து நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லு. பெடலைச் சுற்றி மூன்று பக்கமும் 5 செ.மீ. உயரத்தில் தகடு வைக்கச் சொல்லு. தரையில் சிதறும் கண்ணாடிச் சில்லு பெடலுக்கு அடியில் போனால் காலை எடுத்தபிறகும் அது மேலே வராது. எனக்கு மூன்றாம் நாளே அப்படி ஆயிற்று. இப்போது தினமும் உலையைத் தொடும் முன்னால் பெடலைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன்.